அரிட்டாபட்டி ஏன் டெல்லிப் பேப்பரில் மூணு விரல் அகலம்தான்?

மேலூர்க்காரன்:
மகள் போட்டித்தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்காக ஒரு ஆங்கிலப் பேப்பர் போடச் சொல்லியிருக்கிறேன், டெல்லியில் அச்சாவது. 2025 ஜனவரி 7, எங்க மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாமென்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை சனம் போனதே, நானும் கடையைச் சாத்திவிட்டு நடந்தேன். மறுநாள் தேடினால் உள்பக்கத்தில் மூணு விரல் அகலத்துக்குச் செய்தி. அதுவும் மத்திய, மாநில அரசுகளின் சண்டையாக! அரிட்டாபட்டிக் குடைவரைக் கோயில், தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு, ஊரை 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது, ஒரு வரியும் இல்லை. எல்லாப் பேப்பரும் இப்படித்தானா?

புதூர் வாசகன்:
அண்ணே, மதுரைப் பதிப்பு உள்ள ஆங்கிலப் பேப்பர் வாங்குங்க. இங்கேயே நிருபர் இருப்பார். டெல்லி மேசைக்கு மேலூர் எங்கே இருக்குன்னே தெரியாது.

ஓய்வு வாத்தியார்:
சண்டையாக எழுதியது முழுத் தப்பில்லை தம்பி. 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. சுரங்கக் குத்தகைப் பத்திரம் கொடுப்பது மட்டும் மாநிலம். இந்தச் சுரங்கம் வேண்டாமென்று 2024 டிசம்பர் 9 தமிழகச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது அதனால்தான். இதை விளக்காமல் சண்டையை மட்டும் எழுதினால் யாருக்குப் புரியும்?

மேலூர்க்காரன்:
ஏல விவரம் எனக்கே இப்பத்தான் தெரியும், ஐயா. மகளிடம் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஜனவரி 23 ஏலம் ரத்தானதும் அதே பேப்பரில் கொஞ்சம் பெரிதாக வந்தது. படம் மட்டும் டெல்லியில் எடுத்தது.