குரூப் ஏ அதிகாரிகள் சங்கம்: 260 பேர் சந்தா கட்டியும் அங்கீகார மனு திரும்பியது ஏன்? (கேள்வி-பதில் உரையாடல்; பேசுவோர் எல்லோரும் புனைபெயரில்)

கோப்புக்கட்டு:

வணக்கம். மத்திய அரசுத் துறை ஒன்றின் குரூப் ஏ அதிகாரிகள் சங்கம். சொசைட்டியாகப் பதிவாகியிருக்கிறது. 1993-ஆம் ஆண்டு பணியாளர் சங்க அங்கீகார விதிகளின்படி போட்ட மனு, "உறுப்பினர் எண்ணிக்கை போதாது; பைலா விதிகளுக்கு ஒத்துவரவில்லை" என்ற இரண்டே வரியோடு திரும்பியிருக்கிறது.

விவரம்: மொத்தப் பணியிடம் 640. சந்தா கட்டியவர்கள் 260, எல்லாம் யுபிஐ மூலம் சங்கக் கணக்குக்கு நேராக. சம்பளப் பிடித்தத்துக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்தவர்கள் 198. கௌரவத் தலைவர் ஓய்வுபெற்றவர். அடுத்துப் பதவி உயர்வில் வரவிருக்கும் குரூப் பி அதிகாரிகளையும் சேர்க்கலாம் என்று பைலாவில் இருக்கிறது. ஆண்டு மலருக்கு விளம்பரம் வாங்குவது வழக்கம்.

எதை எதைத் திருத்த வேண்டும்? எட்டாவது ஊதியக் குழு வேலை நடக்கும் நேரத்தில் எம்.பி.க்களிடம் மனு கொடுக்கலாமா? எதுவும் நகரவில்லை என்றால் சங்கத்தின் பெயரில் வழக்குப் போட முடியுமா?

பே-பில்:

முதலில் 260-ஐ மறந்துவிடுங்கள். விதி 7-ன்படி உறுப்பினர் சரிபார்ப்பு சம்பளப் பட்டியலில் செக்-ஆஃப் பிடித்தம் (ஊழியரின் ஒப்புதலோடு சந்தாவைச் சம்பளத்திலேயே கழிப்பது) வழியாக மட்டும்தான். யுபிஐ ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், உறுப்பினர் பதிவேடு எதுவும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் எண் அதிகபட்சம் 198.

அடுத்து, 640 என்பது என்ன? அனுமதிக்கப்பட்ட பணியிடமா, உண்மையில் பணியில் இருப்பவர்களா? விதி 5 கேட்பது அந்த வகையைச் சேர்ந்த மொத்த ஊழியர்களில் 35 சதவீதம். காலியிடம் சந்தா கட்டாது. 640-க்கு 35 சதவீதம் 224. உங்களுக்கு 26 பேர் குறைகிறது. பணியில் இருப்பவர்கள் 560 என்று வைத்துக்கொண்டால் தேவை 196, இப்போதே தேறிவிட்டீர்கள். ஆகவே சரிபார்ப்புத் தேதியன்று பணியில் இருந்தோர் எண்ணிக்கையை நிர்வாகப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த எண்ணை வைத்து 'போதாது' என்றார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். இரண்டு வரியில் திரும்பும் மனுக்களில் பாதி இந்த வகுக்கும் எண்ணில்தான் கவிழ்கின்றன என்பது என் கணிப்பு.

இன்னொரு வழியும் உண்டு. அதே வகைக்கு வேறொரு சங்கம் ஏற்கெனவே 35 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்து, வேறு எந்தச் சங்கமும் அந்த அளவை எட்டவில்லை என்றால், இரண்டாவது பெரிய சங்கத்தை 15 சதவீதத்திலேயே அங்கீகரிக்கலாம். போட்டிச் சங்கம் இல்லாத இடத்தில் இந்த விலக்கு உதவாது.

ஒப்புதல் கடிதம் கொடுத்தும் பிடித்தம் ஆகாமல் போவது ஏன் என்றும் பாருங்கள். வழக்கமான காரணங்கள்: கடிதம் சங்கச் செயலாளர் மேசையிலேயே தங்கிவிடும், சம்பளப் பட்டியல் போடும் அதிகாரியான டி.டி.ஓ.வுக்குப் போகாது. அதிகாரி மாற்றலாகிப் போவார், புது டி.டி.ஓ.வுக்குப் பழைய ஒப்புதல் தெரியாது. டெபுடேஷனில் (வேறு துறைக்குத் தற்காலிக அயல்பணியில்) இருப்பவரின் சம்பளப் பட்டியல் வேறு அமைச்சகத்தில் இருக்கும். ஒரே ஆள் இரண்டு சங்கத்துக்கும் கடிதம் கொடுத்திருப்பார். 198 பேருக்கும் டி.டி.ஓ. வாரியாகப் பட்டியல் போட்டு, பிடித்தம் தெரியும் பே-ஸ்லிப்போடு ஒத்துப் பாருங்கள். 196 தேவைப்படும் இடத்தில் 198 என்பது ஆபத்தான எண். இரண்டு ஓய்வு, ஒரு மாற்றல் போதும். 230 வரை ஏற்றிவிட்டு மறுபடி மனுப் போடுவது நல்லது. சந்தேகம் வந்தால் இடையிலேயே தனிச் சரிபார்ப்புக்கு உத்தரவிடவும் அரசுக்கு அதிகாரம் உண்டு.

அடிக்குறிப்பு:

பைலா பக்கம் நான் சொல்கிறேன். உங்கள் பதிவிலேயே மூன்று ஓட்டை தெரிகிறது.

குரூப் பி சேர்க்கை: உறுப்பினர் தகுதி, பொது நலன் கொண்ட ஒரே தனி வகை ஊழியர்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும், அந்த வகையில் உள்ள எல்லோருக்கும் கதவு திறந்திருக்கவும் வேண்டும். பதவி உயர்வுக்குக் காத்திருப்பவரின் நலனும் நேரடி நியமனத்தில் வந்தவரின் நலனும் சீனியாரிட்டி பட்டியலில் நேருக்கு நேர் மோதும். அதைப் 'பொது நலன்' என்று எந்தப் பிரிவு அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். வகையை விட்டு வெளியேறியதும் உறுப்பினர் தகுதி தானாக முடியும் என்ற வரியும் தேவை.

கௌரவத் தலைவர்: உறுப்பினர், நிர்வாகி இருவருமே பணியில் இருப்பவர்களாக வேண்டும். 'கௌரவ' என்று முன்னால் ஒட்டினால் விதி வளையாது. ஆலோசகர் என்ற பெயரில் பைலாவுக்கு வெளியே அவர் துணை நிற்கலாம். வாக்கும் கையெழுத்தும் கூடாது.

மலர் விளம்பரம்: இதுதான் பலர் கவனிக்காதது. சங்க நிதி உறுப்பினர் சந்தாவும் அரசு மானியமும் மட்டுமே. விளம்பரத் தொகை ஆண்டுக் கணக்கில் ஒரு வரியாக நின்றாலே போதும், மனு திரும்பிவிடும். அங்கீகாரம் வந்த பிறகு இதழ், செய்திமடல் தொடங்கவும் முன் அனுமதி வேண்டும். மூத்த அதிகாரிகள் சங்கம் ஒன்று ஒப்பந்ததாரர்களிடம் விளம்பரம் வாங்குவது விதி இல்லாவிட்டாலும் அசிங்கம்தான்.

திருத்தங்களை இப்போதே பொதுக்குழுவில் முடித்துவிடுங்கள். அங்கீகாரம் கிடைத்த பிறகு ஒரு கமாவை மாற்றவும் அரசின் முன் ஒப்புதல் வேண்டும். சொசைட்டிப் பதிவாளரிடம் இருக்கும் பைலாவும் துறைக்கு அனுப்பும் பைலாவும் ஒன்றாக இருக்கட்டும். பதிவாளரிடம் பழைய பிரதியே கிடந்தால் அடுத்த ஆட்சேபம் அங்கிருந்து வரும். அங்கீகாரத்துக்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-க்கு முன் உறுப்பினர்-நிர்வாகிகள் பட்டியல், நடப்புப் பைலாவின் நகல், தணிக்கை செய்த கணக்கு மூன்றும் போய்ச் சேர வேண்டும். அங்கீகாரம் ரத்தாகப் போராட்டம்தான் வேண்டும் என்றில்லை, இந்தத் தபாலை மறந்தாலும் சிக்கல்தான்.

கோப்புக்கட்டு:

தெளிவாகிவிட்டது. பணியில் இருப்பவர்கள் 571. 35 சதவீதம் 199.85, அதாவது 200. இரண்டு பேர் குறைகிறது! அங்கீகாரம் வரும்வரை சங்கம் நடத்துவதே தவறாகிவிடுமா?

விதி-இருபது:

ஆகாது. அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் இருக்கக்கூடாது என்ற பழைய 4-பி நடத்தை விதியை, ஓ.கே. கோஷ் எதிர் இ.எக்ஸ். ஜோசப் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. அங்கீகாரம் தருவது சங்கம் வைக்கும் உரிமையை அல்ல. பேச்சுவார்த்தைக் கதவு, கடிதப் போக்குவரத்து, நிர்வாகிகளுக்கு ஆண்டுக்கு 20 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு போன்ற வசதிகளை.

எம்.பி. மனுவுக்கு வருவோம். 1964 நடத்தை விதிகளில் விதி 20: தன் பணி விஷயத்தில் மேலதிகாரி மீது அரசியல் செல்வாக்கோ வேறு வெளிச் செல்வாக்கோ பாய்ச்சக் கூடாது. எம்.பி. உங்கள் மனுவை அமைச்சருக்கு அனுப்புவார். அது அமைச்சகம், துறைத் தலைமை என்று சுற்றி, 'இவர்களிடம் விளக்கம் கேட்கவும்' என்ற குறிப்போடு உங்கள் மேசைக்கே வந்து சேரும். கையெழுத்துப் போட்ட செயலாளர்தான் பதில் சொல்ல வேண்டும். சங்கத்தின் லெட்டர்ஹெட் கவசம் அல்ல: ஊழியர் செய்தால் நடத்தை விதி மீறலாகும் எதையும் சங்கம் செய்யக்கூடாது என்பது அங்கீகாரத்தின் நிபந்தனையிலேயே இருக்கிறது.

குரூப் ஏ-வுக்கு இருக்கும் அடிப்படைச் சிக்கலைப் புரிந்துகொண்டால்தான் எங்கே தட்டுவது என்று தெரியும். 1966-இல் வந்த கூட்டு ஆலோசனை அமைப்பான ஜே.சி.எம். குரூப் ஏ பணிகளை உள்ளே சேர்ப்பதில்லை. அதனால் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசும் இடமும் இல்லை, கட்டாய நடுவர் மன்றமும் இல்லை. மிச்சம் இருப்பது காகிதம்தான்.

ஊதியக் குழுவுக்குக் கோரிக்கை மனு கொடுப்பது வெளிச் செல்வாக்கு அல்ல. குழுவே சங்கங்களிடம் கருத்துக் கேட்கிறது. எட்டாவது குழுவின் ஆய்வு வரம்புகளை 2025 அக்டோபர் 28 அன்று அமைச்சரவை ஏற்றது. அறிக்கைக்கு அமைந்த நாளிலிருந்து 18 மாதம். மனு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏழாவது குழுவின் ஊதிய அட்டவணையில் லெவல் 13 என்ற ஊதிய நிலை நல்ல பாடம். பழைய தொடக்க ஊதியத்தைப் புதியதாக்கப் பெருக்கும் எண் லெவல் 10, 11, 12-க்கு 2.67, 13ஏ-வுக்கும் 2.67, நடுவில் 13-க்கு மட்டும் 2.57. தொடக்க ஊதியம் 46,100-ஐ 2.57-ஆல் பெருக்கி 1,18,500 என்று வந்தது. 2017-இல் அதை 2.67 ஆக்கி 1,23,100 என்று திருத்தினார்கள். ஒரே அட்டவணையில் கண்ணுக்குத் தெரியும் பள்ளம் அது. அரசின் சொந்தக் கணக்கே சாட்சி. 'எங்கள் பணியின் மாண்பு' என்று நாலு பக்கம் எழுதுவதைவிட இப்படி ஒரு அட்டவணை மேல். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பக்கம்: இப்போதைய நிலை, ஒப்பிடத்தக்க பணியின் நிலை, எத்தனை பேர், ஆண்டுச் செலவு எவ்வளவு, எந்த விதியில் எந்த வரி மாற வேண்டும். செலவுக் கணக்கை நீங்கள் போடாவிட்டால் செலவினத் துறை போடும். அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கேடர் ரிவ்யூவையும் (ஒரு பணிப்பிரிவின் பணியிட அமைப்பை மறுஆய்வு செய்வது) விடாதீர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டியது. அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான குழுவில் அந்தப் பணியின் மிக மூத்த அதிகாரியும் உட்காருவார். பணியிட வாரியான வேலைப்பளுத் தரவு அவர் கைக்கு முன்கூட்டியே போக வேண்டும். கூட்ட நாளன்று கொடுத்தால் பையில்தான் இருக்கும்.

ஓ.ஏ. நம்பர்:

வழக்கு பற்றி. பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் 1987 நடைமுறை விதிகளில் விதி 4(5)(பி) சங்கம் சேர்ந்து போடுவதை அனுமதிக்கிறது. இரண்டு நிபந்தனை: யார் யாருக்காக, எந்த வகை, எந்தத் தரம் என்று மனுவில் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்ட ஒருவராவது மனுதாரராகச் சேர வேண்டும். சங்கப் பெயரை மட்டும் போட்டுத் தாக்கல் செய்தால் பதிவகமே குறை சொல்லித் திருப்பும். வழக்குத் தொடர அனுமதிக்கும் நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகலையும் இணையுங்கள்.

காலக்கெடுவில் கவனம். இறுதி உத்தரவிலிருந்து ஓராண்டு. கோரிக்கைக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து அதற்குப் பின் ஓராண்டு. நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தால் கெடு நீளும் என்று நினைப்பது தவறு, எஸ்.எஸ். ராத்தோர் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

தனி ஒருவரின் மாற்றல், தண்டனை, ஏ.பி.ஏ.ஆர். (ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கை) விவகாரத்தைச் சங்கம் கையில் எடுக்கக் கூடாது, அங்கீகார நிபந்தனை தடுக்கிறது. அவர் சொந்தமாகப் போடட்டும்.

பே-பில்:

571 என்றால் 200. டெபுடேஷனில் இருப்பவர்களை 571-இல் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். வகுக்கும் எண்ணில் அவர்களைச் சேர்த்துவிட்டு, பிடித்தம் மட்டும் உங்கள் டி.டி.ஓ.க்கள் பட்டியலில் தேடினால் இரண்டு பக்கமும் அடி. அவர்களின் இப்போதைய டி.டி.ஓ.வுக்கு ஒப்புதல் கடிதத்தின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அடுத்த மாதப் பே-ஸ்லிப் வந்ததும் எண்ணுங்கள்.