இரண்டாவது டிரைவுக்குத் தமிழில் என்ன பெயர்?

காட்பாடி, கணினிப் பயிற்றுநர்:

அன்புடையீர், வணக்கம். திங்கட்கிழமை செய்முறை வகுப்பு. சிறிய மடிக்கணினியில் டிவிடி டிரைவ் இருக்கும் இடத்தைக் காலிசெய்து, அங்கே இரண்டாவது டிரைவாக, தரவைச் சில்லுகளில் சேமிக்கும் ஓர் எஸ்எஸ்டியை மாணவர்கள் பொருத்தப்போகிறார்கள். கையேடு நாளை மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். டிரைவை இதுவரை 'வன்வட்டு' என்றே எழுதிவந்தோம். எஸ்எஸ்டியைத் திறந்தால் சுழல்வதற்கு வட்டே இல்லை. பச்சைப் பலகையில் சில கறுப்புச் சில்லுகள்தான். அதைத் தாங்கும் சட்டத்தைக் கடையில் 'கேடி' என்கிறார்கள். காவல்நிலையப் பட்டியலில் இருப்பவனைக் குறிக்கும் சொல்லைப் பாடத்தில் எப்படி அச்சிடுவது? இரண்டுக்கும் சொல் வேண்டும்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'இயக்கி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். டிரைவர் மென்பொருளையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அதைவிட, இயக்கி நம் மண்ணில் தெய்வத்தின் பெயர். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பஞ்சபாண்டவர் மலையில், பல்லவ மன்னர் நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே செதுக்கிய சமணப் பெண்தெய்வத்தைப் 'பொன்னியக்கியார்' என்கிறது. யட்சிதான் இயக்கி ஆனாள் என்பார்கள். 'இயக்கு' என்னும் நம் வினையடியே மூத்தது என்பது என் துணிபு. குமரிப் பக்கத்து இசக்கியையும் சேர்த்து விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன். கேடியும் ஆங்கிலத்தின் சொந்தச் சொத்தன்று. தேயிலைப் பெட்டியைக் குறித்த அச்சொல் மலாய் எடையளவு ஒன்றிலிருந்து போனது. டிரைவுக்கு என் பரிந்துரை 'சேமக்கலம்'. சேமம் காவல், கலம் கொள்வது.

குடியாத்தம், மடிக்கணினி பழுதுபார்ப்பவர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். சேமக்கலம் என்றால் சங்கோடு சேர்த்து அடிக்கும் வெண்கலத் தட்டு. சாவு வீட்டு நினைவு வரும் சொல்லைச் சொல்லி வாடிக்கையாளரிடம் நான் பொருளைக் கொடுக்க முடியாது.

பெயர் எதுவானாலும், அளவை முதலில் அச்சிடுங்கள். டிவிடி டிரைவின் தடிமன் 9.5 மி.மீ. ஒரு வகை, 12.7 மி.மீ. இன்னொரு வகை. தடித்த சட்டத்தை மெல்லிய இடத்தில் திணித்துப் பெட்டியைக் கீறிக்கொண்டு வருகிறார்கள். புதிய மெல்லிய மடிக்கணினிகளில் டிவிடி டிரைவே கிடையாது, எம்.2 என்னும் மெல்லிய எஸ்எஸ்டி பலகைதான். பெரும்பாலும் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சாய்வாகச் செருக வேண்டும். கையை எடுத்தால் பின்முனை எழும்பி நிற்கும். விரலால் அழுத்திப் பிடித்து, ஒற்றைத் திருகாணியை முடுக்க வேண்டும். அது கணினியோடு பேசும் முறை சாட்டாவா, என்விஎம்இயா என்று பார்க்காமல் வாங்கினால் பொருந்தியதுபோல் இருக்கும், கணினி கண்டுகொள்ளாது. இதற்கெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியும் சொல் வேண்டும். டிரைவ் என்றே விட்டால் என்ன குறை?

வேலூர், கல்லூரி விரிவுரையாளர்:

குறை உண்டு. டிரைவ் என்றால் ஓட்டுவது. எஸ்எஸ்டியில் ஓடுவது எது? ஆங்கிலத்தில் பழக்கத்தால் நிற்கும் பொருத்தமின்மையை நாமும் சுமக்க வேண்டியதில்லை. 'சேமகம்' போதும். நினைவகம் வந்தபோதும் புரியாது என்றார்கள். இன்று பள்ளிப் பிள்ளை சொல்கிறது. சட்டத்துக்குச் 'செருகுசட்டம்'. தயவுசெய்து நடுவில் 'ச்' போடாதீர்கள்; வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு போல.

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

செருகுசட்டம் நன்று. ஆனால் அகம் இடத்தைக் குறிப்பது. நூலகம், உணவகம் சரி. கழற்றிச் சட்டைப் பையில் போடும் பொருளுக்கு அகமா? நினைவகத்திலேயே அந்தப் பிழை தொடங்கியது. தொல்காப்பியர் எச்சவியலில் வடசொல்லுக்கே வழிவிட்டார். எழுத்தைத் தமிழாக்கிக்கொள் என்றார். இதைவிட டிரைவ் என்று இருப்பதே மேல்.

குடியாத்தம், மடிக்கணினி பழுதுபார்ப்பவர்:

கடைசியில் ஐயா என் பக்கம் வந்துவிட்டார். நன்றி ஐயா.

காட்பாடி, கணினிப் பயிற்றுநர்:

அச்சகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. செருகுசட்டத்துக்கு எல்லோரும் இசைந்திருக்கிறீர்கள். டிரைவுக்குச் சேமகம் என்று போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் அருகிலேயே டிரைவ் என்றும் இருக்கும். தடிமன் அளவுகளை அட்டவணையாகச் சேர்த்துவிட்டேன்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

போடுங்கள் அம்மா. சேமகத்துக்கு நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். இயக்கி பற்றிய மடல் இன்றிரவு வரும்.