வீராணத்தில் 47 அடியைத் தேடிப் போன கதை

"வீராணம் ஏரி நீர்மட்டம் 47.5 அடியை எட்டியது" என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு என் முட்டாள்தனம் ஞாபகம் வரும். முதுகலை படிக்கும்போது அந்த ஏரியில் ஆழம் அளக்க ஆள் வேண்டும் என்றார்கள். நீச்சல் தெரியாத நான் 47 அடித் தண்ணீரை நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் படகு ஏறி, கரையை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, சிக்கிய வலையை எடுக்கப் படகோட்டி அண்ணன் சட்டென்று இறங்கி நின்றார். தண்ணீர் அவர் நெஞ்சு வரைதான்.

அந்த 47.5 கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். ஏரியின் தரையே கடல் மட்டத்துக்கு மேல் நாற்பது அடியை ஒட்டித்தான் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. சுமார் 14 கி.மீ. நீளம், ஆனால் தட்டு மாதிரி தட்டை. அளவுகோலில் 45 அடி காட்டிய ஒரு நாள், எங்கள் கழியில் நாலரை அடிதான் வந்தது.

கழி என்கிறேனே, கருவி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒலியைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் எக்கோ சவுண்டர். ஒலி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஒரு மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப ஒன்றரை மில்லிநொடிகூட ஆகாது. ரொம்ப ஆழம் குறைந்த இடத்தில் கருவி குழம்பிவிடும். பாசி மண்டிய இடத்தில் பாசியின் தலையையே தரை என்று சொல்லிவிடும். ஒருநாள் மதியம் முழுக்க நடு ஏரியில் ஒரு மேட்டைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனோம். அண்ணன் பேசாமல் மூங்கிலை விட்டுக் காட்டினார். மேடு இல்லை, வேலம்பாசி. அரைநாள் வேலை போச்சு.

மூங்கிலிலும் ஒரு சிக்கல் உண்டு. வடவாறும் செங்கால் ஓடையும் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கழி தானாக இறங்கிக்கொண்டே போகும். எது தரை? கடைசியில் கழியின் அடியில் தட்டு வைத்துக் கட்டினோம். சேறு தாங்கும் இடத்தில் அது நின்றுவிடும். அப்புறம்தான் கழியும் கருவியும் ஓரளவு ஒத்துப்போயின.

மீன் பக்கம் வருகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு ஆகாயத்தாமரைக்கு நடுவே தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்தோம். லிட்டருக்கு 2 மில்லிகிராம்கூட இல்லை. இராத்திரி முழுக்கச் செடியும் சேறும் சேர்ந்து உறிஞ்சிய பிறகு மிஞ்சியது அவ்வளவுதான். "இங்கே மீன் இருக்காது" என்று எழுதப் போனேன். அண்ணன் தோளைத் தட்டினார். இரண்டு கை தூரத்தில், செம்மஞ்சள் பொடி தூவினது போல விரால் குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் கீழிருந்து ஒரு தடித்த தலை மேலே வந்து, 'ளப்' என்று காற்றை வாங்கிக்கொண்டு இறங்கியது. விராலுக்குக் காற்றிலிருந்தே மூச்சு விடத் தெரியும். கெண்டை வராத தண்ணீரில் அது குடும்பம் நடத்தும். அந்த வேளையில் வலையை வீசினால் காவலுக்கு நிற்கும் தாய்தகப்பன் போய்விடும், குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை. "இப்போ பிடிக்க மாட்டோம் தம்பி" என்றார் அண்ணன். எல்லோரும் அப்படியில்லை என்பதையும் அவரே சொன்னார்.

அடுத்த கோடையில் தண்ணீர் வடிந்திருந்தபோது தனியாக ஒருமுறை போனேன். எங்கள் ஆழ வரைபடத்தில் வழவழவென்று ஒரே கோடாக வரைந்திருந்த மேற்குக் கரையோரத் தரை வெளியே தெரிந்தது. கண்ணுக்கெட்டிய வரை வட்ட வட்டமாகக் குழிகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். எல்லாம் சிலேபி ஆண் மீன்கள் தோண்டியவை. பெண் அங்கே முட்டையிட்டு, வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். 1952-இல் நம் நாட்டுக்குள் கொண்டுவந்த மீன், சோழர் ஏரியின் தரையையே தோண்டிப் போட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் எடுத்திருந்தோம். அதில் ஒரு குழிகூட விழவில்லை.