டி. எஸ். பாலையா: வில்லனாக அறிமுகமானவர் எப்படி இத்தனை பாத்திரங்களில் பொருந்தினார்?

கேள்வி:
‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியின் வழியாகத்தான் பாலையாவை நான் அறிவேன். தொடக்கத்தில் அவர் பெயர்பெற்ற வில்லன் நடிகர் என்று என் தந்தை சொல்வதை என்னால் நம்பவே முடியவில்லை. அவரை முழுமையாகப் புரிந்துகொள்ள எந்தப் படங்களைப் பார்க்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

மறுமொழி 1:
தங்கள் தந்தை சொன்னது உண்மை. 1914ஆம் ஆண்டு பிறந்து, நாடக மேடையிலிருந்து வந்த பாலையா, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் (1936) வில்லனாகவே அறிமுகமானார். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். அடுத்த ஆண்டு ‘அம்பிகாபதி’யில் ருத்ரசேனன், 1956இல் ‘மதுரை வீரன்’ படத்திலும் வில்லன்தான். இடையில், அண்ணா எழுதிய ‘வேலைக்காரி’யில் (1949) நாயகனுக்கு வழிகாட்டும் நண்பனாகவும் நடித்திருக்கிறார்.

மறுமொழி 2:
ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் மட்டும் பாலையா பிடிபட மாட்டார் என்பது என் கருத்து. பிறர் பேசும்போதும் பாடும்போதும் அவர் கேட்டுக்கொண்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். தாங்கள் குறிப்பிட்ட காட்சியில் பேச்சு முழுவதும் நாகேஷுடையது. பாலையாவுக்குக் கேட்பதுதான் வேலை. மகன் ஏதோ உளறப்போகிறான் என்ற செல்வந்தரின் அலட்சியத்தோடு உட்கார்ந்தவர், கதை நகர நகரத் தம் வீட்டிலேயே பயந்து ஒடுங்கிப்போகிறார். அந்தப் பயம் உண்மையாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அடுத்து ‘திருவிளையாடல்’ (1965). ‘ஒருநாள் போதுமா’ பாடலுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ஆனால் பாண்டியன் அவையில் நிமிர்ந்து அமர்ந்து அதைப் பாடும் ஹேமநாத பாகவதரின் செருக்கு முழுக்க முழுக்கப் பாலையாவுடையது. அதே மனிதர், விறகுவெட்டியாக வந்த இறைவனின் பாட்டைக் கேட்டு, ‘பாணபத்திரர் வேண்டாமென்று ஒதுக்கிய மாணவனே இப்படிப் பாடினால், அவர் எப்படிப் பாடுவார்!’ என்று கலங்கி நிற்கும்போது, அந்தச் செருக்கு இருந்த சுவடே முகத்தில் இருக்காது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் அவர்மீது எனக்கு இரக்கம்தான் வருகிறது.

மறுமொழி 3:
மேலே எழுதியவரோடு முழுமையாக உடன்படுகிறேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் தவில்காரர் முத்துராக்குவும் அப்படித்தான். ‘நலந்தானா’ பாடலின்போது சிவாஜியையும் பத்மினியையும் மட்டுமே பார்க்காமல், தவிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த முகத்தையும் ஒருமுறை பாருங்கள். ‘பாகப்பிரிவினை’யில் (1959) மனைவியின் பேச்சுக்கும் தம்பியின் பாசத்துக்கும் நடுவே தவிக்கும் அண்ணனாக வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் தம்பியாக எஸ். வி. சுப்பையா நடித்திருக்கிறார்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ‘பாகப்பிரிவினை’யை நான் இதுவரை பார்த்ததில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை தந்தையோடு அதிலிருந்து தொடங்குகிறேன்.