திருத்தினால் மாணவர் பேசுவதையே நிறுத்திவிடுகிறார், என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். ஆறு மாதமாக ஒருவருக்கு இணையம் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். முப்பது வயதைத் தாண்டியவர், தாய்மொழி வேறு. எழுத்துக்கூட்டி நன்றாகப் படிக்கிறார், வேற்றுமை உருபுகளைக் கேட்டால் தடங்கலில்லாமல் சொல்கிறார். ஆனால் பேச்சென்று வந்தால் "நான் பசிக்கிறேன்", "நான் இந்தப் பாட்டு பிடிக்கும்" என்கிறார். நான் உடனே "எனக்குப் பசிக்கிறது" என்று திருத்துவேன். "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு, இரண்டு வாக்கியம் தள்ளி அதே பிழை. இப்போது ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். போன வகுப்பின் பதிவைக் கேட்டேன்; ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் நான்தான் பேசியிருக்கிறேன். விட்டுவிட்டால் பிழை ஊறிப்போகும் என்று பயமாக இருக்கிறது. என் முறை தவறா?

பதில் 1

கொஞ்ச நாளைக்குத் திருத்தவே வேண்டாம். மொழி கற்றலை ஆராய்ந்த ஸ்டீபன் கிராஷன் 1980களிலேயே சொன்னதுதான்: புரியும்படியான மொழியை நிறையக் கேட்கவும் படிக்கவும் கொடுத்தால் மொழி தானாக வரும், பதற்றம் இருந்தால் உள்ளே இறங்காது. கதை சொல்லுங்கள், படம் காட்டிப் பேசுங்கள்.

பதில் 2

பதற்றத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. திருத்தவே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கனடாவில் பாடங்களையே பிரெஞ்சில் படித்த பிள்ளைகளை மெரில் ஸ்வெயின் ஆராய்ந்தார். பல வருடம் கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொண்ட அவர்கள், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகளைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தார்கள். கேட்டால் மட்டும் போதாது, பேச முயலவும் வேண்டும் என்று 1985இல் எழுதினார்.

அதே மாதிரி வகுப்புகளை ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரை உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆசிரியர்கள் திருத்திய இடங்களில் பாதிக்கு மேல், சரியான வாக்கியத்தைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். மாணவர் தன் பிழையைத் தானே சரிசெய்வதற்கு அந்த வழிதான் மிகக் குறைவாக உதவியது. உங்கள் மாணவருக்கு "எனக்குப் பசிக்கிறது" என்பது திருத்தமாகவே கேட்டிருக்காது. தான் சொன்னதை நீங்கள் ஆமோதிப்பதாக நினைத்துத்தான் "ஆமாம்" என்கிறார்.

நானும் பல வருடம் இப்படித்தான் செய்தேன். ஒரு மாணவி நாம், நாங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார், நானும் ஒவ்வொரு முறையும் திருத்துவேன். ஒருநாள் அவர் "நாம் நாளைக்கு ஊருக்குப் போகிறோம்" என்றபோது, "நானுமா?" என்று மட்டும் கேட்டேன். ஒரு நொடி யோசித்து, "இல்லை, நாங்கள்!" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பிழை அவரிடம் அநேகமாக வரவேயில்லை. விதியை எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அந்த ஒரு கேள்வி செய்ததை அதெல்லாம் செய்யவில்லை.

அதனால் ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு பிழையை எடுங்கள், மற்றதை விடுங்கள். இவருக்கு "எனக்கு". பசிக்கிறது, பிடிக்கும், தெரியும், புரிகிறது, வேண்டும் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகக் காட்டுங்கள். பசி நாம் செய்யும் வேலை இல்லை, நமக்கு வருவது என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பிழை வந்தால் "நான்...?" என்று இழுத்துவிட்டு நிறுத்துங்கள்.

அப்புறம் காத்திருங்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் மாணவர்களின் பதில் நீள்கிறது என்று மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் கண்டார். மொழி வகுப்புக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் அனுபவம். மூன்று நொடி சும்மா இருப்பது லேசில்லை, மனத்துக்குள் எண்ணுங்கள்.

இன்னொன்று: அவர் வெளியே கேட்பது "பசிக்குது", நீங்கள் சொல்லித்தருவது "பசிக்கிறது". பேசுவதற்காகத்தான் கற்கிறார் என்றால் பேச்சு வழக்கிலேயே பழக்குங்கள்.

கேட்டவர்

நேற்று செய்து பார்த்தேன். "நான் இந்தப் படம்..." என்று தொடங்கினார். "நான்...?" என்று நிறுத்தினேன். ஐந்து வரை எண்ணிவிட்டேன், கை பரபரத்தது. "எனக்கு! எனக்கு இந்தப் படம் பிடிக்கல" என்றவர், ஏன் பிடிக்கவில்லை என்று நாலைந்து வாக்கியம் தொடர்ந்து பேசினார். அதில் மூன்று பிழை இருந்தது, விட்டுவிட்டேன். எழுத்துப் பயிற்சியிலும் இப்படியே செய்யலாமா?

பதில் 2

செய்யலாம். பிழைக்குக் கீழே கோடு மட்டும் போடுங்கள், சரியான சொல்லை எழுதிவிடாதீர்கள். அவரே திருத்திக்கொண்டு வரட்டும்.