மாணவர் மன்றத் தளம்: கூகுள் சைட்ஸா, கிட்ஹப் பேஜஸா?

நண்பர்களே, மன்றத்துக்கு ஐந்து பக்கத் தளம் வேண்டும். ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் மாறுவார்கள். கோடிங் தெரிந்தவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

கூகுள் சைட்ஸ் எளிது. ஆனால் தளம் ஒரு மாணவரின் கணக்கில் இருந்து, படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு நீக்கப்பட்டால் தளமும் போய்விடும். ஷேர்டு டிரைவில் (தனி ஆளுக்கு இல்லாமல் குழுவுக்கே சொந்தமான கூகுள் சேமிப்பிடம்) வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

கிட்ஹப் பேஜஸ், கிட்ஹப்பில் வைத்த கோப்புகளைத் தளமாகக் காட்டும் சேவை. அதில் 1 ஜிபி வரையுள்ள தளத்தை இலவசமாக வைக்கலாம். ஆர்கனைசேஷன் கணக்கில் (பலர் சேர்ந்து நிர்வகிக்கும் குழுக் கணக்கு) வைத்தால் கைமாற்றுவதும் சுலபம். நிலையான பக்கங்கள்தான், பார்ப்பவர் நிரப்பும் விவரங்களைத் தானே சேமிக்காது என்பதால் பெயர்ப் பதிவுக்குத் தனியாக கூகுள் ஃபார்ம்ஸ் வேண்டும். அங்கே பக்கங்களை உருவாக்கித் தரும் கருவி ஜெக்கில். அதன் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் உள்தள்ள ஸ்பேஸுக்குப் பதில் டேப் அடித்தாலே பில்ட் (தளத்தை உருவாக்கும் வேலை) நின்றுவிடும். புதியவர்கள் மிரள்வது அங்கேதான்! வேர்ட்பிரஸை நாமே நிறுவினால் பிளகின் புதுப்பிப்பு ஓயாது, அது வேண்டாம்.

ஜெக்கில் பக்கங்களை பிரவுசரிலேயே திருத்த, தனி சர்வர் கேட்காத எளிய எடிட்டர் எது? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.