நெளிகுஞ்சு: பொரித்தும் நீந்தாத மீன்குஞ்சுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

குள்ள சிக்லிட் என்னும் சிறிய தொட்டிமீன்களுக்கான நம் வளர்ப்புக் கையேட்டின் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முட்டையிடுதல், பொரித்தல், விரலி (விரலளவு வளர்ந்த குஞ்சு) ஆகிய சொற்களில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இழுபறியில் நிற்பது ஒன்றுதான்: முட்டையை விட்டு வெளியே வந்துவிட்டது, ஆனால் இன்னும் நீந்தவில்லை. அந்த நிலையில் இருக்கும் குஞ்சுக்கு என்ன பெயர்? 'நெளிகுஞ்சு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. 'குஞ்சு' என்ற பொதுச்சொல்லே போதும், இதற்குத் தனிச்சொல் எதற்கு என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மேற்கு அமேசான் படுகையைச் சேர்ந்த காக்கட்டூ அபிஸ்டோ என்ற குள்ள சிக்லிட்டை எடுத்துக்கொள்வோம். கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சியின் உட்கூரையில் பெண்மீன் முட்டைகளை ஒட்டும். அத்துடன் அதன் உடல் எலுமிச்சை மஞ்சளாகி, கறுப்புக் கோடுகளும் புள்ளிகளும் அழுத்தமாகத் தெரியும். தொட்டிக்குள் எதையும் கலைக்காமல், முட்டை விழுந்திருக்கிறது என்று நாம் ஊகிக்க அந்த நிறமே போதும். 26 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று நாளில் முட்டை பொரியும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரிவது மீன் போலவே இருக்காது. உருண்டையான ஓர் உணவுப்பை, அதிலிருந்து நீளும் கண்ணாடி போன்ற ஒரு வால், அவ்வளவுதான். அந்த வால் ஓயாமல் துடிக்கும். கூட்டமாகக் கிடக்கும்போது அந்த இடமே அசைவது போலிருக்கும். அந்தப் பை கரையும்வரை குஞ்சுக்கு வேறு உணவு தேவையில்லை. இன்னும் நான்கைந்து நாள் கழித்துத்தான் அது எழுந்து நீந்தி, வாயைத் திறந்து இரை தேடும்.

இப்போது, முதன்முறையாக மீன் வளர்ப்பவர் 'குஞ்சு பொரித்துவிட்டது' என்று நம் கையேட்டில் படிக்கிறார் என்று வையுங்கள். உடனே தீனி போடத் தோன்றும், இயல்புதான். தின்ன ஆளில்லாத தீனி அழுகும், சிறிய தொட்டியில் அம்மோனியா ஏறும், நீந்த வேண்டிய நாளுக்கு முன்பே கூட்டம் மடியும். மறுபுறம், நீந்தத் தொடங்கிய குஞ்சைப் பட்டினி போடவும் கூடாது. அதன் சின்ன வாய்க்குப் பொருந்துவது அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா. (இறால் போன்ற மிகச் சிறிய உயிர் இது, தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழ்கிறது.) ஆர்ட்டீமியா முட்டையை உப்புநீரில் போட்டுப் பொரிக்க ஒரு நாள் ஆகும். ஆக, 'தீனி போடாதே, ஆனால் ஆர்ட்டீமியாவுக்கு ஏற்பாடு செய்' என்று சொல்ல வேண்டிய கட்டம் ஒன்று இடையில் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பெயரில்லாமல் கையேடு எழுதினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து, மாற்றுச் சொற்கள். 'குடம்பி' (லார்வா) பாடநூல்களில் நிலைத்த சொல். அதை முன்மொழிந்த ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் பூச்சி, தவளை, நண்டு எனப் பல உயிர்களின் இளநிலைக்கும் அது பொது. மீனிலும், நீந்தி இரை தேடத் தொடங்கிய பிறகும் சிலகாலம் குடம்பி என்றே உயிரியலில் சொல்வார்கள். நமக்கு வேண்டிய எல்லைக்கோடு அந்தச் சொல்லுக்குள் இல்லை.

'தொங்குகுஞ்சு' அழகான சொல். ஏஞ்சல் மீன் வளர்த்தவர்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். அந்த மீனின் குஞ்சுகள் தலையிலுள்ள பசைச் சுரப்பிகளால் இலையில் ஒட்டிக்கொண்டு தொங்குவதைக் கண்ணால் பார்த்தவருக்கு வேறு சொல் தோன்றாது. ஆனால் ஒரினோகோ சமவெளியின் ராம் சிக்லிட்டைப் பாருங்கள். திறந்த கல்லின்மேல் முட்டையிடும். பொரித்ததும் குஞ்சுகளை வாயில் கவ்வி மணலில் தோண்டிய குழிக்குக் கொண்டுபோகும், சில வேளை அங்கிருந்து இன்னொரு குழிக்கும் மாற்றும். குழியில் கிடப்பதைத் தொங்குகிறது என்று எப்படிச் சொல்வது? தென்னிந்திய, இலங்கை உப்பங்கழிகளின் ஆரஞ்சு குரோமைடும் இப்படிக் குழிக்கு மாற்றுகிற மீன்தான். தொங்கினாலும் கிடந்தாலும் வால் நெளிவது எல்லாவற்றுக்கும் பொது. நாம் எல்லோரும் அறிந்த ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் குடும்பமே. அதற்கு இந்தக் கட்டம் தாயின் வாய்க்குள்ளேயே கழிகிறது. அங்கும் 'நெளிகுஞ்சு' பொருந்தும்.

'ரிக்லர்' என்ற ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதிவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. 'சிக்லிட்', 'அபிஸ்டோ' எல்லாம் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். இது கண்ணுக்குத் தெரிகிற ஒரு நிலை. தொட்டியருகே நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பார்த்த மாத்திரத்தில் பொருள் கொள்ளும் சொல் நம்மிடமே இருக்கிறது.

இலக்கணத்தில் ஒரு குறிப்பு. இது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஆகவே இடையில் ஒற்று மிகாது. 'நெளிக்குஞ்சு' என்று எழுத வேண்டாம். இதே வாய்பாட்டில் அடுத்த நிலையை 'நீந்துகுஞ்சு' எனலாம். முட்டை, நெளிகுஞ்சு, நீந்துகுஞ்சு, விரலி என்று வரிசை தடையில்லாமல் ஓடுகிறது.

பதிவேடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. அபிஸ்டோக்களில் ஆணா பெண்ணா என்பதை வளரும் பருவத்து வெப்பமும் நீரின் அமிலத்தன்மையும் பாதிக்கின்றன என்பது 1996இல் வெளிவந்த ஆய்விலிருந்தே தெரிந்த செய்தி. வெப்பம் கூடினால் ஆண்கள் பெருகும். ஒருவர் குறிப்பை இன்னொருவர் குறிப்போடு ஒப்பிட வேண்டுமானால், 'பத்தாம் நாள்' என்பது முட்டையிட்டதிலிருந்தா, பொரித்ததிலிருந்தா, நீந்தியதிலிருந்தா என்ற ஐயம் வரக்கூடாது. முட்டை நாள், நெளிநாள், நீந்துநாள் என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணையைக் கையேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

குஞ்சோடு ஒட்டியிருக்கும் அந்த உணவுப்பைக்குப் பட்டியலில் 'மஞ்சள்கருப் பை' என்று இருக்கிறது. கோழிமுட்டையில் அது சரி. நம் மீன்களில் சிலவற்றில் அந்தப் பை மஞ்சளாகவே இருப்பதில்லை. 'கருவுணவுப் பை' என்று மாற்றலாமா? உயிரியல் கற்பிக்கும் அம்மா இருவர் இக்குழுவில் இருக்கிறீர்கள். பாடநூல் வழக்கோடு இது மோதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். மோதுமென்றால் பழைய சொல்லையே வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. 'நெளிகுஞ்சு' மட்டும் இந்தப் பதிப்பிலேயே ஏற வேண்டும்.